நிமோனியா ஊசி: எந்தப் பெட்டிக்குக் காசு கொடுக்கலாம்?

ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. வீட்டில் வயதானவர்களுக்கு இருமல் வந்தால் அது சீக்கிரம் நெஞ்சுக்கு இறங்கிவிடுமோ என்ற பயம் இங்கே எப்போதும் உண்டு. அதனால்தான் நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் மருந்துக்கடைகளில் "நிமோனியா ஊசி இருக்கா?" என்று கேட்கிறார்கள். அந்தப் பெயரில் ஒரே ஒரு மருந்து இல்லை. பிரெவனார் 13, பிரெவனார் 20, நியூமோவாக்ஸ் 23, நியூமோசில், நியூபெவாக்ஸ் 14 என்று பல பெட்டிகள் இருக்கின்றன. விலையும் வேறு, வேலையும் வேறு, யாருக்குப் போடலாம் என்பதும் வேறு.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறோம். 65 வயது தாண்டியவர்களுக்கு பிரெவனார் 20 கிடைத்தால் அதுவே முதல் தேர்வு; ஒரு ஊசியோடு வேலை முடியும். கிடைக்காவிட்டால் பிரெவனார் 13 போட்டு, ஒரு வருடம் கழித்து நியூமோவாக்ஸ் 23. நியூமோவாக்ஸ் 23 மட்டும் போட்டு நிறுத்துவதை நாங்கள் கடைசி இடத்தில்தான் வைக்கிறோம். கைக்குழந்தைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுவதே போதும், அது தரமான மருந்து.

பெட்டியில் இருக்கும் எண் பெரிதாக இருந்தால் மருந்தும் பெரிது என்று நினைப்பது இயல்பு. 13-ஐ விட 23 பெரிது, விலையும் குறைவு, பிறகு ஏன் அதைக் கடைசியில் வைக்கிறோம்? இதற்குப் பதில் வேண்டுமென்றால் நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா நம் உடம்பை எப்படி ஏமாற்றுகிறது என்று பார்க்க வேண்டும். இந்த ஊசிகள் எல்லாம் அந்த ஏமாற்று வேலைக்கு எதிராகச் செய்யப்பட்டவைதான்.

விலாங்கு மீனை வெறுங்கையால் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அதன் தோலில் இருக்கும் வழுவழுப்பில் கை வழுக்கிக்கொண்டே போகும். நியூமோகாக்கஸைச் சுற்றி சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன ஒரு வழவழப்பான உறை இருக்கிறது. ரத்தத்தில் ரோந்து சுற்றும் நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் போன்ற விழுங்கும் செல்கள் இதைப் பிடிக்கப் போனால் வழுக்கும். காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதங்கள் கிருமியின் மேல் ஒட்டி, "இதை விழுங்கு" என்று அடையாளம் போடுவது வழக்கம். இங்கே அந்த அடையாளம் உறைக்கு அடியில், செல்சுவரின் மேல் போய் விழுகிறது. மேலே தடித்த உறை இருப்பதால் விழுங்க வரும் செல்லுக்கு அது எட்டாது.

விலாங்கைப் பிடிக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? கையில் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். உறைக்கு எதிராக நம் உடம்பு செய்யும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம்தான் அந்தச் சாம்பல். அது உறையின் மேலேயே ஒட்டுகிறது. காம்ப்ளிமென்டும் உறையின் வெளிப்புறத்தில் வந்து சேருகிறது. அதன் பிறகு விழுங்கும் செல்லுக்குப் பிடி கிடைத்துவிடும். எல்லா நிமோனியா ஊசிகளும் செய்ய முயல்வது இந்த ஒரு காரியத்தைத்தான்: கிருமி வருவதற்கு முன்பே சாம்பலைத் தயாராக வைத்திருப்பது.

சிக்கல் என்னவென்றால் நியூமோகாக்கஸில் 100-க்கும் மேற்பட்ட உறை வகைகள் உண்டு. ஒன்றுக்கு எதிரான ஆன்டிபாடி பெரும்பாலும் இன்னொன்றைப் பிடிக்காது. பெட்டியில் இருக்கும் 13, 20, 23 எல்லாம் எத்தனை உறை வகைகள் உள்ளே இருக்கின்றன என்பதைத்தான் சொல்கின்றன. வீரியத்தை அல்ல.

இந்த உறையைக் கிருமி மாற்றிக்கொள்ளவும் முடியும். 1928-ல் லண்டனில் ஃபிரெடெரிக் கிரிஃபித், உறை இல்லாத உயிருள்ள நியூமோகாக்கஸையும், சூடாக்கிக் கொன்ற உறையுள்ள நியூமோகாக்கஸையும் சேர்த்து எலிக்குச் செலுத்தினார். தனித்தனியாகக் கொடுத்தால் ஒன்றும் செய்யாத இரண்டும் சேர்ந்தபோது எலி செத்தது. அதன் ரத்தத்தில் உறையோடு உயிருள்ள கிருமி இருந்தது. செத்த கிருமியிலிருந்து உயிருள்ளது எதையோ எடுத்துக்கொண்டிருக்கிறது. அது டிஎன்ஏ என்று 1944-ல் ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி மூவரும் காட்டினார்கள். அதே பண்டமாற்று இன்றைக்கும் நம் குழந்தைகளின் மூக்குக்குள் நடக்கிறது. அமெரிக்காவில் 2000-ல் ஏழு வகை ஊசி வந்ததும் அந்த ஏழும் குறைந்தன, ஆனால் அந்த ஊசியில் இல்லாத 19ஏ என்ற உறை வகை தலைதூக்கியது. அதையும் சேர்த்து 2010-ல் 13 வகை வந்தது. பிறகு 2021-ல் 20. பெட்டியில் எண் ஏறிக்கொண்டே போவதைக் கம்பெனியின் வியாபாரம் என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

உறை தவிரவும் அதனிடம் கைவசம் நிறைய இருக்கிறது. தொண்டைச் சளியில் நம்மைக் காக்கும் ஐஜிஏ1 என்ற ஆன்டிபாடியை நடுவில் வெட்டிவிடும் நொதி அதனிடம் உண்டு. வெட்டுப்பட்ட துண்டு கிருமியின் மேல் ஒட்டியே இருக்கும், ஆனால் அதைக் கொண்டு யாரையும் உதவிக்கு அழைக்க முடியாது. மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம், நம் உடம்பே தன் செல்களைக் காம்ப்ளிமென்டிலிருந்து காக்க வைத்திருக்கும் ஃபேக்டர் ஹெச் என்ற பொருளைப் பிடித்துத் தன் மேல் ஒட்டிக்கொள்கிறது. நம் வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நம் வாசலில் நிற்பது போல. நியூட்ரோஃபில்கள் டிஎன்ஏ இழைகளால் வலை வீசினால் அதை அறுக்கும் நொதியும் உண்டு. கிருமி உடைந்து சாகும்போதுகூட நியூமோலைசின் என்ற நச்சு வெளியே வந்து நம் செல்களில் ஓட்டை போடுகிறது, காம்ப்ளிமென்டையும் வீணாகத் தன் பக்கம் இழுத்துச் செலவழிக்க வைக்கிறது.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்பார்கள். இந்தக் கிருமி மூக்கில் இருக்கும்போது உறையை மெல்லியதாக வைத்துக்கொள்ளும். அப்போதுதான் அங்கே ஒட்டிக்கொள்ள முடியும். ரத்தத்துக்குள் தடித்த உறை உள்ளவையே தப்பிப் பிழைத்துப் பெருகுகின்றன.

இப்போது பெட்டிகளுக்கு வருவோம்.

நியூமோவாக்ஸ் 23: ஒரு டோஸ் 0.5 மில்லி. ஒவ்வொரு வகை உறைச் சர்க்கரையும் 25 மைக்ரோகிராம், மொத்தம் 575. வெறும் சர்க்கரை மட்டும், கூடப் புரதம் எதுவும் கிடையாது. இதுதான் இதன் பலவீனம். ஆன்டிபாடி செய்யும் நம் பி செல்கள் ஒரு பொருளை நினைவில் வைத்துக்கொள்ள டி செல்களின் உதவி வேண்டும். டி செல்கள் புரதத்தைத்தான் பார்க்கும். சர்க்கரையைக் கண்டால் சும்மா இருக்கும். அதனால் இந்த ஊசி ஆன்டிபாடியை உண்டாக்கும், நினைவை உண்டாக்காது. சில வருடங்களில் பலன் தேய்கிறது. திரும்பத் திரும்பப் போட்டால் இருக்கும் நினைவு செல்களையும் செலவழித்துவிட்டு, அடுத்த முறை ஊசிக்கு உடம்பு தரும் பதில் மங்கலாக வரலாம். இரண்டு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்குச் சர்க்கரையைப் பார்த்து ஆன்டிபாடி செய்யும் திறனே முதிர்ந்திருக்காது. எனவே அவர்களுக்கு இதைப் போடுவதில் பயனில்லை. யாராவது எழுதிக்கொடுத்தால் நின்று கேளுங்கள்.

ஆனாலும் இது உதவாத மருந்து என்று சொல்ல மாட்டோம். ரத்தத்தில் கிருமி பரவும் கடும் நோயை இது குறைக்கிறது. 13-ல் இல்லாத பல வகைகள் இதில் இருக்கின்றன. 13-க்குப் பிறகு இரண்டாவது ஊசியாக வரும்போது இதற்கு உரிய இடம் கிடைக்கிறது.

பிரெவனார் 13: இதிலும் 0.5 மில்லிதான். சர்க்கரையோ ஒவ்வொரு வகைக்கும் வெறும் 2.2 மைக்ரோகிராம், 6பி மட்டும் 4.4. முன்னதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் இதன் பதில்தான் ஆழமானது. ஏனென்றால் ஒவ்வொரு சர்க்கரையும் சிஆர்எம்197 என்ற புரதத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. அது தொண்டை அடைப்பான் நச்சின் நஞ்சு நீங்கிய வடிவம். பி செல் சர்க்கரையைப் பிடித்து இழுக்கும்போது புரதமும் கூடவே உள்ளே வருகிறது. புரதத்தைத் துண்டாக்கி வெளியே காட்டியதும் டி செல் எழுந்து வருகிறது, நினைவு உருவாகிறது. இந்தக் கட்டுதலைத்தான் கான்ஜுகேட் என்கிறார்கள். ஆறு வாரக் குழந்தைக்கும் இது வேலை செய்வதும் அதனால்தான். மூக்கில் கிருமி தங்குவதையும் இது குறைக்கிறது. பேரப்பிள்ளைக்குப் போட்டால் தாத்தா பாட்டிக்கும் கொஞ்சம் காவல் கிடைக்கிறது என்பதன் காரணமும் இதுவே.

பலன் எவ்வளவு? நெதர்லாந்தில் 65 வயது கடந்த சுமார் 85,000 பேரிடம் நடந்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. ஊசியில் உள்ள வகைகளால் வரும் நிமோனியா ஏறத்தாழ 45 சதவீதமும், அதே வகைகளால் ரத்தம் வரை பரவும் நோய் 75 சதவீதமும் குறைந்தன. எல்லாக் காரணங்களாலும் வரும் நிமோனியாவை மொத்தமாக எண்ணியபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை. கிளெப்சியெல்லாவுக்கும், செல்சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மாவுக்கும், மேக்ரோஃபேஜுக்குள்ளேயே குடியேறி வாழும் காசநோய்க் கிருமிக்கும் இந்த ஊசி காவல் இல்லை. ஃப்ளூ வைரஸுக்கும் இல்லை. ஆனால் ஃப்ளூ மூச்சுக்குழாயின் உட்பூச்சைச் சிதைத்து நியூமோகாக்கஸுக்கு வழிவிடும் என்பதால், வருடாந்திர ஃப்ளூ ஊசியையும் சேர்த்துப் போட்டால்தான் இந்தச் செலவுக்கு முழு மதிப்பு.

13-ல் ஒரு குறை உண்டு: 3-ஆம் வகை. பெட்டியில் அதுவும் இருக்கிறது, ஆனால் மற்றவற்றுக்கு எதிராக இருக்கும் அளவு பலன் அதற்கு எதிராக இல்லை. பெரும்பாலான வகைகளில் உறை செல்சுவரோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கும். 3-ஆம் வகையில் அந்தப் பிணைப்பு இல்லாததால் அது உறையைக் கொத்துக் கொத்தாக உதிர்த்துவிடுகிறது. நாம் தயாராக வைத்திருந்த ஆன்டிபாடி உதிர்ந்த உறையில் போய் ஒட்டி வீணாகிறது. பல்லி வாலைப் போட்டுவிட்டு ஓடுவது போல.

பிரெவனார் 20: 13-ல் உள்ளவற்றோடு 8, 10ஏ, 11ஏ, 12எஃப், 15பி, 22எஃப், 33எஃப் ஆகிய ஏழு வகைகள் கூடுதல், எல்லாமே கான்ஜுகேட். இதற்குப் பிறகு 23 தேவையில்லை. விலை அதிகம்தான். ஆனால் இரண்டு ஊசி, இரண்டு முறை கன்சல்டேஷன், நடுவில் ஒரு வருடம் ஞாபகம் வைத்திருப்பது எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடும். அந்த இரண்டாவது ஊசியைப் பல வீடுகளில் மறந்துதான் போகிறார்கள்.

நியூமோசில் சீரம் இன்ஸ்டிட்யூட்டின் பத்து வகைக் கான்ஜுகேட், நியூபெவாக்ஸ் 14 பயோலாஜிக்கல் ஈ நிறுவனத்துடையது. இரண்டும் குழந்தைகளுக்கானவை. நம் நாட்டிலேயே செய்யப்படுபவை. "இதுவும் அதே கான்ஜுகேட்தானே, விலை குறைவாச்சே" என்று 70 வயது ஆச்சிக்குப் போடச் சொல்லிக் கேட்கக்கூடாது.

அரசு சேவையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2021 முதல் தமிழ்நாட்டில் நியூமோகாக்கல் கான்ஜுகேட் தடுப்பூசி அரசு அட்டவணையில் இருக்கிறது. 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று டோஸ், வலது தொடையில். புதன்கிழமைகளில் சுகாதார நிலையத்திலும், ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடமும் கிடைக்கும். தனியாரில் 6, 10, 14 வாரம், பிறகு ஒரு வயதுக்கு மேல் பூஸ்டர் என்று நான்கு டோஸ் போடுகிறார்கள். மூன்று குறைவோ என்று கவலைப்பட வேண்டாம். உலகின் பல நாடுகளில் மூன்று டோஸ்தான். இங்கே தவறு நடப்பது வேறு இடத்தில்: 9 மாத டோஸ். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து முதல் இரண்டு டோஸையும் இங்கே போட்டுவிட்டு, பிறகு சென்னைக்கோ வளைகுடாவுக்கோ கணவர் வீட்டுக்கோ போனதும் மூன்றாவது விட்டுப்போகிறது. நினைவு செல்களைத் திடப்படுத்துவதே அந்த மூன்றாவதுதான். தட்டம்மை ஊசியோடு சேர்த்துப் போடப்படும்; அதற்குப் போகும்போது இதையும் கேட்டு வாங்குங்கள்.

அரசில் ஒரே குப்பியில் பல டோஸ் இருக்கும். திறந்த தேதி குப்பியின் மேல் எழுதப்பட்டிருக்க வேண்டும். சரியான குளிரில் வைத்திருந்தால் திறந்த குப்பியை 28 நாள் வரை பயன்படுத்தலாம் என்பது விதி. எனவே நேற்றுத் திறந்த குப்பியைக் கண்டு பயப்படத் தேவையில்லை. குப்பியின் லேபிளில் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் நல்லது. அதே நிறமோ அதைவிடக் கருப்போ ஆகியிருந்தால் சூடு பட்ட மருந்து.

பெரியவர்களுக்கான ஊசி அரசு அட்டவணையில் இல்லை. கடையில் வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போவதுதான் இங்கே வழக்கம். மருந்து கெடுவதும் பெரும்பாலும் இந்த வழியில்தான். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பைக் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் வைத்து நாகர்கோவிலிலிருந்து தேங்காப்பட்டணம் வரை கொண்டுபோனால் எஞ்சின் சூடு முழுவதும் அதில் ஏறும். இன்னொரு பக்கம், ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை நேரடியாகப் பெட்டியோடு ஒட்டவைத்தால் மருந்து உறைந்துவிடும். சூட்டைவிட உறைதல் மோசம். கான்ஜுகேட்டில் இருக்கும் அலுமினியம் பாஸ்பேட் உறைந்தால் கட்டிதட்டிப் பிரிந்துவிடும். திரும்ப இளகினாலும் பழைய நிலைக்கு வராது. ஐஸ் பேக்கை வெளியே எடுத்து வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சளசளக்கும் வரை காத்திருங்கள். பிறகு மருந்துப் பெட்டியைச் செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் வைத்து எடுத்துப் போங்கள். இதைவிட எளிது, ஊசி போடும் இடத்திலேயே ஃப்ரிட்ஜ் வைத்து மருந்தும் தரும் கிளினிக்கைத் தேடுவது. பில்லில் சில நூறு கூடினாலும் அதைத்தான் பரிந்துரைப்போம்.

ஊசி போடுமுன் பார்க்க வேண்டியவை: கான்ஜுகேட் ஊசி சும்மா வைத்திருந்தால் அடியில் வெள்ளையாகப் படியும். அது கெட்டுப்போனதின் அடையாளம் அல்ல. நன்றாகக் குலுக்கினால் ஒரே சீரான வெண்மையாகக் கலங்க வேண்டும். குலுக்கிய பிறகும் துணுக்குத் துணுக்காக மிதந்தால் போடவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நியூமோவாக்ஸ் 23 தெளிவாக இருக்கும், அதில் அலுமினியம் இல்லை. பெரியவர்களுக்கு மேல்கைத் தசையில், பொதுவாக 25 மில்லிமீட்டர் ஊசியால். இடுப்பில் போடக் கேட்காதீர்கள். அங்கே கொழுப்புக்குள் போய் நின்றால் பதில் குறையும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மெல்லிய ஊசியால் போட்டு இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும், தேய்க்கக்கூடாது.

கை வலி இரண்டு மூன்று நாள் இருக்கும், லேசான காய்ச்சல் வரலாம். குழந்தைகளுக்குக் காய்ச்சல் வருமுன்பே பாராசிட்டமால் ஊற்றிவிடும் பழக்கத்தை விடுவது நல்லது. முன்கூட்டியே கொடுத்தால் ஆன்டிபாடி அளவு குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காய்ச்சல் வந்த பிறகு கொடுக்கலாம்.

மண்ணீரல் எடுக்கப்பட்டவர்களுக்கு இந்த ஊசி விருப்பம் அல்ல, அவசியம். உறையுள்ள கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டும் முக்கிய இடம் மண்ணீரல்தான். அது இல்லாதவர்களுக்குக் காலையில் காய்ச்சலாகத் தொடங்கி இரவுக்குள் உயிருக்கே ஆபத்தாகலாம். திட்டமிட்ட அறுவை என்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே போட வேண்டும். பைக் விபத்தில் அவசரமாக எடுத்திருந்தால் இரண்டு வாரம் கழித்து. இவர்களுக்கு 13-க்கும் 23-க்கும் இடையில் ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லை, எட்டு வாரம் போதும். கீமோ தொடங்கப்போகிறவர்களும் அதிக அளவில் ஸ்டீராய்டு எடுக்கிறவர்களும் ஊசி நேரத்தை டாக்டரிடம் பேசி முடிவு செய்ய வேண்டும். அந்த மருந்துகள் ஆன்டிபாடி உருவாவதை அமுக்கும். சர்க்கரை நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், இதயநோய், சிறுநீரகக் கோளாறு இருந்தால் 65 வரை காத்திருக்க வேண்டாம். விறகடுப்பிலும் ரப்பர் புகைப்புரையிலும் வருடக்கணக்கில் புகை சுவாசித்து நெஞ்சு கெட்டவர்களும், பீடியை விடாதவர்களும் இந்தப் பட்டியலில்தான் வருகிறார்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. சிரிஞ்சிலோ பெட்டியிலோ இருக்கும் பெயரையும் பேட்ச் எண்ணையும் போட்ட தேதியோடு போன் கேமராவில் எடுத்து வையுங்கள். "நிமோனியா ஊசி போட்டாச்சு" என்று மட்டும் சீட்டில் எழுதியிருந்தால், அது 13-ஆ 20-ஆ 23-ஆ என்று அடுத்த டாக்டருக்குத் தெரியாது. 20 என்றால் இனி ஒன்றும் வேண்டாம். 13 என்றால் அடுத்தது 23. முதலில் 23 போட்டிருந்தால் கான்ஜுகேட்டுக்கு ஒரு வருடம் பொறுக்க வேண்டும். ஊசி போட்ட ஐந்து நாளுக்குள் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். சிறுநீரில் நியூமோகாக்கஸ் தேடும் பரிசோதனை, ஊசியில் இருந்த சர்க்கரையைக் கண்டு பாசிட்டிவ் காட்டக்கூடும்.